கற்பூரம் சேர்க்காத சோப்பு

சுஹைனா கற்பூரம் சேர்க்கவே இல்லை. எந்தப் பள்ளிவாசலில் நிறுத்திக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவாள். லெமன்கிராஸ் எண்ணெய் இருபது கிராம், வெட்டிவேர் எண்ணெய் பத்து, கடையில் வாங்கிய மல்லிகை வாசனை எண்ணெய் அஞ்சு. அவ்வளவுதான். கலந்ததைக் காகிதத் துண்டில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனால் முதலில் புல் வாசம் வந்தது, பிறகு பூ, அடியில் வேரின் மண்வாசம், அதற்கும் அடியில், செத்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீரில் கரைக்கும் அந்த மய்யத்து வீட்டுக் கற்பூரம்.

காப்பித்தூளை முகர்ந்து மூக்கைத் தெளியவைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கற்பூரமேதான். லாவண்டரில் லேசாக அந்த வாடை இருக்குமென்று சந்தேகப்பட்டு, இந்தத் தடவை லாவண்டர் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

"எவடி அவ, எங்கூட்டுக்குள்ள வந்து கலக்கறவ?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

பெருமாட்டி ஊரில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் இந்த ஓட்டு வீடு, புருஷன் விட்டுப் போன பிறகு அவளாகப் பிடித்தது. ருக்கியா அக்காவும் அவளும் இங்கேதான் சோப்புப் போட ஆரம்பித்தார்கள். எந்த எண்ணெயில் எத்தனை சொட்டு என்பதெல்லாம் ருக்கியாவின் மூக்கு சொல்வது. அந்த ருக்கியா கண்ணை மூடி மௌத்தாகி, நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடிந்துவிட்டது.

போன வாரம் அண்ணன் கலீல் வந்தான். ஒரு சோப்பை முகர்ந்தவன் முகம் வெளுத்துப்போய், "ஊட்டக் காலி பண்ணீட்டு நம்மூட்டுக்கு வந்துரு புள்ள" என்றான். போனால் காலத்துக்கும் அண்ணியின் அடுப்படிதான்.

"மடியில கனமில்ல, வழியில என்னங்ணா பயம்? இந்த ஊட்ட விட்டு நான் நகரமாட்டேன்" என்று அனுப்பிவைத்தாள்.

வெளியே மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்து மழை பிடித்துக்கொண்டது. தேங்காயெண்ணெயும் காரத் தண்ணீரும் கூழாகிவரும் நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பிளெண்டர் நின்றது. ஓட்டில் மழை, தோப்பில் மட்டை உரசும் சத்தம், இவற்றுக்குள்ளே வேறொரு தண்ணீர்ச் சத்தம் பின்கட்டுக் குளியலறையிலிருந்து வந்தது. யாரோ சொம்பால் மொண்டு ஊற்றுகிறார்கள். மெதுவாக. மூன்று தடவை.

காயவைத்திருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தாள். திங்கட்கிழமை ஒரு சோப்பு தேய்ந்திருந்தது. எலி என்று நினைத்தாள். புதன்கிழமை மூன்று. இன்றைக்கு ஐந்து. ஐந்தும் ஈரம், நடுவில் குழிந்து, ஓரத்தில் நுரை. மய்யத்தை ஒத்தப்படையாகத்தான் குளிப்பாட்டுவார்கள்.

மடியில் கனம் இருந்தது.

"நான் மௌத்தானா நீதான் என்னக் குளிப்பாட்டோணும். வேற எவ கையும் படக்கூடாது" என்று ருக்கியா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சுஹைனாவும் சிரித்துக்கொண்டே சரியென்றாள். ஆனால் அன்றைக்கு, போர்த்திய துணிக்கு வெளியே அந்தப் பாதங்களைப் பார்த்ததும் தொடப் பயந்து பின்னால் நகர்ந்தாள். "எனக்குத் தொழுகை இல்லைங்க" என்று, மாதவிலக்கு போல, பெண்களிடம் சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். அந்த வார்த்தைக்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சுஹைனாவின் மாத நாட்கள் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். அவள்தான் குளிப்பாட்டும் பலகையில் கிடந்தாள்.

மறுபடி தண்ணீர்.

வாசல் திறந்துதான் இருந்தது. ஓடலாம். ஓடினால் இந்த வீடு போயிற்று, சோப்பு போயிற்று, அவளும் போனாள்.

"ஓடமாட்டேன்."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். தேயாத சோப்பு ஒன்றை எடுத்தாள். குளியலறைக் கதவைக் காலால் உதைத்தாள்.

"ஆமாங்க்கா, பொய்தான் சொன்னேன்! அதுக்காக என்னை ஊட்ட விட்டுத் தொரத்துவீங்களா?"

கற்பூரம். கண் எரிந்தது.

துணி துவைக்கும் பலகை. அதன்மேல் வெள்ளைத் துணி. துணிக்குள் ஆள் நீளம்.

இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தது. மேலே தெரிந்த வலப்பக்கம் முழுக்க நனைந்து நுரைத்திருந்தது. அடியில் இருந்த பக்கம் காய்ந்துகிடந்தது. சொம்பு அவள் பக்கம் தள்ளி வைக்கப்பட்டு, நிறையத் தண்ணீரோடு காத்திருந்தது.

சுஹைனா குத்தவைத்து உட்கார்ந்தாள். சொம்பை எடுத்தாள். பிஸ்மி சொன்னாள்.

"சரி. திரும்பிப் படுங்கக்கா."

திரும்பிப் படுத்தது.