பச்சை விளக்கு

மார்லிஸ் வண்டியின் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாள். இடுப்புப் பட்டையைப் போட்டாயிற்று, மடிக்கு மேலே பாதுகாப்புக் கம்பியை இறக்கியாயிற்று, சாவியையும் திருகியாயிற்று. ஆனாலும் அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரியவில்லை. அது எரிந்தால்தான் உள்ளே ஆள் இருக்கிறது என்று வண்டி நம்பும். நம்பினால்தான் முன்னால் மாட்டியிருக்கும், மண்ணைக் கிளறிச் சமப்படுத்தும் பவர் ரேக்கின் பல் உருளை சுற்றும். அரைமணி நேரமாக எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

"ஆள் இல்லையாம். அப்போ நான் யாராம்?" என்று வாய்விட்டே கேட்டாள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. மற்றவர்களெல்லாம் மதியமே வேறு வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

மணி மூன்றரை. அக்டோபர் மாதத்து மூடுபனி, அறுத்துப்போட்ட சோளக்காட்டிலிருந்து கிளம்பி, புதிதாகக் கட்டிய வீட்டின் பின்பக்கம் வரை வந்துவிட்டது. பாதி நிலத்தைத்தான் சமப்படுத்தியிருந்தாள். நாளைக் காலை ஏழு மணிக்குப் புல்விதை தெளிக்கும் லாரி வரும், சாயங்காலம் மழை. இன்றைக்குள் முடிக்காவிட்டால் இந்த இருக்கை கூட வேலைசெய்யும் டாரிலுக்குப் போய்விடும், அவள் மறுபடியும் மண் வாரும் கைவாரியைத் தூக்கவேண்டியதுதான். முதலாளி வெண்டல் காலையிலேயே அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று வருடம் குனிந்து குனிந்து மண் வாரி, சண்டை போட்டு வாங்கிய இருக்கை.

அவளோடு வேலைசெய்கிற கூட்டத்தில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. இருக்கைக்கு அடியில், ஆள் இருப்பதை வண்டிக்குச் சொல்லும் ஒயரின் செருகியைப் பிடுங்கிவிட்டு, நாலு விரல் நீளமுள்ள ஒயரை வளைத்து அந்த ஓட்டைகளில் சொருகிவிடுவார்கள். அப்புறம் யார் ஏறினாலும் இறங்கினாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மார்லிஸ் ஒருத்திதான் அதைத் தொட்டதில்லை. இறங்குகிற ஒவ்வொரு முறையும் ரேக்கைத் தரையில் இறக்குவாள், எஞ்சினை அணைப்பாள், நெம்புகோல்களை ஆட்டி எண்ணெய்க் குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வடிப்பாள், சாவியைப் பையில் போட்டுக்கொள்வாள். அதற்காகவே அவளுக்குச் 'சாவியம்மா' என்று பெயர். டாரில் ஒருநாள் அப்படியொரு ஒயருக்குச் சிவப்பு நாடா கட்டி அவள் கேபினில் தொங்கவிட்டுப் போனான். அவளும் வீம்புக்கு அதை அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

வெண்டலுக்குப் போன் போட்டாள்.

"அந்த ஒயர மாட்டிட்டு வேலையப் பாரு மார்லிஸ். எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

"ஆள் இல்லாதப்பவும் ஆள் இருக்குன்னு வண்டி நெனச்சுக்குமே வெண்டல்."

"நெனச்சுக்கட்டுமே. உன்ன யாரு எறங்கச் சொன்னா?"

போனை வைத்துவிட்டார். அவள் நாடாவை அறுத்து எறிந்தாள். திருகிய சாவியை அப்படியே விட்டுக் கீழே இறங்கி, கேபின் வாசல்படியில் முழங்காலை ஊன்றி, இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒயரைச் சொருகினாள். உடனே விளக்கு எரிந்தது. வெறும் இருக்கை அவள் முகத்துக்கு நேரே இருந்தது. எரிச்சலில் அதைப்பற்றி அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

அதன் பிறகு வேலை நன்றாகவே ஓடியது. உருளை கட்டிகளை உடைத்து, கல்லையும் வேரையும் ஒருபக்கமாக ஒதுக்கி வரிசை கட்ட, பின்னால் மண் சலித்த மாவாக விழுந்தது. ஈரமண் வாசனையும் டீசல் புகையும் கேபினுக்குள் ஏறின, பற்களில் கல் படும்போதெல்லாம் ஒரு கிறீச்சொலி பல்லைக் கூசச்செய்தது. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் விடாமல், அவசரப்படாமல், ஒரே தடத்தில் இரண்டு முறை போனாள். இப்படிப் போனால் ஐந்தரைக்குள் முடித்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு பெரிய கல் குறுக்கே வந்தது. வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்து, சாவியோடு இறங்கி, அதை உருட்டித் தள்ளிவிட்டு வந்தாள். ஏறி உட்கார்ந்தால் கால் மிதிக்கு எட்டவில்லை. இருக்கை ஒரு சாண் பின்னால் தள்ளியிருந்தது.

புதினா போட்ட மெல்லும் புகையிலையின் வாசனையும் அடித்தது. அவள் அதைத் தொடுவதே இல்லை. டாரிலும் விட்டு ஒரு வருடம் ஆகிறது. கொக்கி தேய்ந்து நழுவியிருக்கும், பாழாய்ப்போன வண்டி, எதைத்தான் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே இருக்கையை முன்னால் இழுத்துப் பூட்டினாள். கொக்கி கெட்டியாகத்தான் விழுந்தது. உட்கார்ந்த இடம் கதகதவென்று இருந்தது. தன்னுடைய சூடுதான், வேறென்ன.

கடைசி இரண்டு தடம் பாக்கி இருக்கும்போது உருளை முனகி நின்றது. பழைய வேலிக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. இந்த நிலம் முன்பு பண்ணையாக இருந்தது, மண்ணுக்குள் எதுவும் இருக்கும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் பத்தே நிமிடம், அதற்குள் இதுவா!

ரேக்கை இறக்கினாள், எஞ்சினை அணைத்தாள், நெம்புகோல்களை ஆட்டினாள். சாவியை மார்புப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். இந்த வண்டியில் ஏறவும் இறங்கவும் முன்பக்கம்தான் வழி, அதுவும் ரேக்கைத் தாண்டித்தான். குளிர் ஏறாமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள். மூடுபனியில் வீடு தெரியவில்லை. தெருவும் தெரியவில்லை. சூடான எஞ்சின் ஆறும்போது வரும் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கம்பி வெட்டும் கத்தரியோடு மண்டியிட்டு வெட்டத் தொடங்கினாள். முள்ளும் துருவுமாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். கடைசிச் சுற்று உள்ளே தள்ளி, உருளைக்கும் மூடிக்கும் நடுவில் இருந்தது. கையை முழங்கை வரை விட்டால்தான் எட்டும்.

விட்டாள்.

உருளை நகர்ந்தது. அரை விரல் அளவு.

கையை இழுத்துக்கொண்டு அப்படியே பார்த்தாள். மிச்ச அழுத்தம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அதை வடித்தாயிற்றே. வடித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரே ஒரு சுற்றுதான் பாக்கி, ஒரே ஒரு வெட்டு. இதற்காக இருக்கையை டாரிலுக்குக் கொடுக்க முடியாது. மறுபடியும் கையை விட்டாள். கத்தரி கம்பியைக் கடித்தது.

கேபினுக்குள் பாதுகாப்புக் கம்பி இறங்கிய சத்தம் கேட்டது. கிளக்.

ஒரு நாளைக்கு ஐம்பது தடவை மடிக்கு மேலே அவளே இறக்குகிற கம்பி. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா?

உருளை இன்னொரு விரல் நகர்ந்தது. முள் அவள் கையுறையின் விளிம்பில் ஏறியது. இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். வேலிக்கம்பி மணிக்கட்டைச் சுற்றி இறுகியது.

மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

முன்கண்ணாடி முழுக்க வெண்மையாகப் படிந்திருந்தது. பனி இல்லை. வெளிப்பக்கம் துளிகூட இல்லை. உள்பக்கம். யாரோ வெகுநேரம் உள்ளே உட்கார்ந்து மூச்சுவிட்டதில் படிந்தது. அதன் நடுவே பச்சை விளக்கு மங்கலாகத் தெரிந்தது. சாவி இல்லாமல் அது எரியாது. இடது கையால் மார்புப் பையைத் தொட்டாள். சாவி இருந்தது.

"ஆள் இருக்கேன்," என்றாள். மறுபடியும் சொன்னாள். "இங்க ஆள் இருக்கேன். போடாத. கீழ ஆள் இருக்கேன்."

எஞ்சின் ஒருமுறை இருமியது. நின்றது. மறுபடியும் இருமியது. பிடித்துக்கொண்டது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை வந்தது. பெரிய கை. அவசரமே இல்லாமல், வேலை தொடங்குமுன் எதிரே உள்ள நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவரைப்போல, வட்டமாகத் துடைத்தது. அவள் உட்காரும் உயரத்துக்கு ஒரு சாண் மேலே துடைத்தது. அந்த வட்டத்துக்குள் தெரிந்த கண்கள் அவள் தலைக்கு மேலாக, பாக்கியிருந்த இரண்டு தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு கை நெம்புகோல் இருக்கும் பக்கம் இறங்கியது.