வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வீட்ஸ்கே ஆப்பிள் கேக்கும் கையுமாகத் தோழி ஹெண்ட்ரிக்காவின் வீட்டு வாசலில் நின்றாள். பிறந்தநாள் விருந்து. பிறந்தநாள்காரி செத்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்பதுதான் ஒரே குறை.

ஒன்பது வருடம் கூப்பிட்டாள் ஹெண்ட்ரிக்கா. ஒன்பது வருடமும் "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்" என்றாள் வீட்ஸ்கே. நரம்பில்லாத நாக்கு, சொல்வதற்கு என்ன? போன வருடம் எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள், ஒருவரும் வரவில்லை. பத்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு, அவற்றில் ஒன்றில் உட்கார்ந்தபடியே ஹெண்ட்ரிக்கா போய்ச் சேர்ந்தாள். மூன்று நாள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது.

அன்று முதல் தினமும் மூன்று மணிக்கு வீட்ஸ்கேயின் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் கோப்பையில் கரண்டி கலக்கும் சத்தம். பிறகு ஒரு குரல், "வர்றியா?" எண்ணை மாற்றிப் பார்த்தாள். தூக்க மாத்திரையும் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை போய்த் தலையைக் காட்டினால் விட்டுவிடுவாள் என்று நம்பித்தான் வந்திருக்கிறாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை.

உள்ளே அடைத்துக் கிடந்த வீட்டின் ஈர வாடை. அதையும் மீறி, அப்போதுதான் வடித்த காபியின் மணம். நாற்காலிகள் வட்டமாக அப்படியே இருந்தன. வெயில் விழுந்த இடத்திலும் குளிர்ந்தது.

அந்த ஊர்ப் பிறந்தநாள் விருந்துகளில், வருகிறவர்கள் வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்துவது வழக்கம். வீட்ஸ்கே பைத்தியக்காரியைப் போல வெறும் நாற்காலிகளிடம் கையை நீட்டினாள்.

"வாழ்த்துகள்."

அடுத்தது.

"வாழ்த்துகள்."

ஏழாவது நாற்காலியில் ஒரு கை அவள் கையைப் பற்றியது.

"வந்துட்டியே," என்றது குரல். "உக்காரு. மத்தவங்களும் வரட்டும், கேக் வெட்டலாம்."

"அவங்க வரமாட்டாங்க ஹெண்ட்ரிக்கா. நான் செஞ்சது தப்புதான். என்னை விட்டுடு."

"வரேன்னு சொல்லியிருக்காங்களே."

வீட்ஸ்கே கையை உதறிக்கொண்டு ஓடினாள். கதவு திறக்கவில்லை. அழுதுகொண்டே கைபேசியில் மகளை அழைத்தாள்.

"ஃபென்னா, ஹெண்ட்ரிக்கா வீட்டுக்கு வா. இப்பவே."

"செத்தவங்க வீட்ல உனக்கு என்னம்மா வேலை? மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? இன்னைக்கு முடியாது. அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்."

வீட்ஸ்கே கதறினாள். "அப்படிச் சொல்லாதடி. வரமாட்டேன்னு சொல்லிடு. ஃபென்னா, உன் கால்ல விழறேன்..."

மகள் எப்போதோ வைத்துவிட்டாள்.

சமையலறையிலிருந்து ஒரு நாற்காலி தரையை உரசிக்கொண்டு வந்தது. மற்ற நாற்காலிகள் விலகி இடம் விட்டன.

"உன் பொண்ணுக்கு," என்றது குரல்.

மணி மூன்று அடித்தது. கைபேசி தானாகவே ஃபென்னாவை அழைத்தது. எங்கோ கோப்பையில் கரண்டி கலக்கும் சத்தம் கேட்டது. வீட்ஸ்கே குனிந்து பார்த்தாள். கலக்கிக்கொண்டிருந்தது அவள் கைதான்.

"சொல்லும்மா," என்றாள் ஃபென்னா.

வராதே என்று கத்தத்தான் வீட்ஸ்கே வாயைத் திறந்தாள்.

"வர்றியா?" என்றது அவள் வாய்.