நான்கு விரல் உயரம்

கோடு வெளியே நின்றது.

ஐங்கரன் குனிந்து இன்னொரு தடவை பார்த்தான். சமையலறை மேசையில் நீளமாகக் கிடந்த துவக்கின் குழலுக்குள் அவன் விட்டிருந்த மரத்தடியில், குழல் வாயோடு ஒட்டி நிற்க வேண்டிய பென்சில் கோடு, நான்கு விரல் உயரத்துக்கு வெளியே நின்றது. தடியை இழுத்துத் திரும்ப இறக்கினான். முன்பெல்லாம் அடியில் மரம் இரும்பில் மோதும் சத்தம் கேட்கும். இப்போது சாக்கில் குத்தியதைப் போல ஒரு மொத்தலான சத்தம் மட்டும் வந்தது.

குழல்வாய் வழியாக வெடிமருந்து திணிக்கும் பழைய துவக்குகளை வாங்குகிறவன் முதலில் செய்வது இதைத்தான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் எவனோ ஒருவன் திணித்துவிட்டுச் சுட மறந்திருக்கலாம். தடியை அடிவரை விட்டு, வாயில் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, வெளியே குழலோடு வைத்து அளந்தால் தெரிந்துவிடும். செப்டெம்பரில், பக்கத்து ஊரான லூனனில் ஒரு விதவையின் வீட்டைக் காலி செய்தபோது இதை வாங்கிய அன்றே ஐங்கரன் அளந்தான். வெறுங்குழல். கோடு அன்று போட்டது.

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய வாரம் அது. ஐந்தரைக்கே யன்னல் கறுத்துவிட்டது. மேல்வீட்டில் உடுப்புத் தோய்க்கும் மெசின் சுற்றி நின்று மறுபடி சுற்றியது. சூடாக்கிக் குழாய்க்குள் தண்ணீர் நகரும் சத்தமும், யாரோ பொரிக்க, படிக்கட்டால் ஏறி வந்த வெங்காய வாசமும் அறையில் நிறைந்திருந்தன. அவற்றுக்கு அடியில், நெருப்புக்குச்சியைக் கொளுத்தி உடனே ஊதி அணைத்ததைப் போல ஒரு வாசம் இருந்தது. அது மட்டும் எங்கிருந்து வருகிறதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பதினொரு துவக்கு வைத்திருந்தான். பத்தை விற்றுவிட்டான். எல்லாம் அமெரிக்கப் பழசு. ஜெர்மனியில் அவற்றைப் பைத்தியமாகச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான்: பூட்டுத் தகட்டில் கழுகும் 1862 என்ற எண்ணும் பொறித்த படைத் துவக்கு. இங்கிருந்து போய் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை பிடித்த ஒருவன் திரும்பி வரும்போது கொண்டு வந்தது என்று விதவை சொன்னாள். ஒற்றை வெடி, மிகப் பழையது, அதனால் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் மருந்து திணித்து வைத்திருந்தால் கதை வேறு. பொலிஸ் வரும், வழக்கு வரும், கவிசா போய்விடுவாள்.

கவிசா அவனுடைய மகள். ஒன்பது வயது. துவக்குகள் இருக்கிற வீட்டில் பிள்ளை இரவு தங்கக்கூடாது என்று பிரிந்து போன மனைவி பிரபாலினி சிறுவர் நலக் கந்தோருக்கு எழுதிக் கொடுத்ததில் எட்டு மாதங்கள் போய்விட்டன. கடைசித் துவக்கும் போனபின் பிள்ளை வரலாம் என்று முடிவாகியிருந்தது. போய்விட்டது என்று ஐங்கரன் போன வாரமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கவிசா வருகிறாள். இரண்டு இரவு.

தடியின் நுனியில் திருகாணியைப் பூட்டி, குழலுக்குள் விட்டுத் திருகி இழுத்தான். கசங்கிய கடதாசி வந்தது. விரித்தான். கோழிக்கால் மலிவு விலை, இந்த வாரத்து விளம்பரத் தாள். பிறகு சுண்டுவிரல் தடிப்பில் ஓர் ஈயச் சன்னம். கடைசியாகக் குழலைக் கவிழ்த்துத் தட்ட, தட்டில் கறுப்பாகச் சொரிந்தது வெடிமருந்து. ஈரமில்லை. பழசுமில்லை.

வெடிமருந்தை அவன் ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டு வந்ததில்லை. வீட்டுச் சாவி வேறு யாரிடமும் இல்லை. மருந்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு, துவக்கை வாங்கப் பேசியிருந்த பிராங்பேர்ட் ஆளுக்குப் போன் அடித்தான். நாளைக்கே வந்து எடுக்க முடியுமா? முடியாது, பேசியபடி சனிக்கிழமைதான் என்றான் அந்த ஜெர்மன்காரன், மரியாதையாக, உறுதியாக.

செவ்வாய்க்கிழமை மாலை துவக்கை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்தான். அலுமாரி பூட்டியிருந்தது. சாவி அவன் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. தடியை விட்டான்.

நான்கு விரல்.

இந்தத் தடவை திருகாணியில் வந்த தாள் மெல்லியதாக இருந்தது. சிவப்பு எழுத்தில் ராகு காலம், எமகண்டம். தமிழ்க் கடையில் சும்மா கொடுத்த நாட்காட்டியின் தாள். வெள்ளிக்கிழமைக்கு உரியது. சுவரில் தொங்கியதைப் புரட்டிப் பார்த்தான். புதன் இருந்தது, வியாழன் இருந்தது, அதற்குப் பிறகு சனி. முன் தாள்கள் ஒன்றும் கிழியவில்லை. வெள்ளியை மட்டும் யாரோ நடுவிலிருந்து உருவியிருந்தார்கள்.

அவன் குணசேகரத்துக்கு அடித்தான். கோயிலில் பூசைச் சாமான் பார்க்கிறவர், அறுபது கடந்தவர், எதையும் பகிடியாக்கிவிடுவார்.

"அண்ணை, ஒண்டு கேக்கோணும். இந்தமுறை ஆயுதபூசைக்கு என்ர துவக்கையும் வைச்சனான்."

"எதையடா?"

"அமெரிக்கன் துவக்கு. தொழில் சாமான்தானே எண்டு... சந்தனம், குங்குமம், வாழையிலையில அவல் கடலை எல்லாம் வைச்சு."

குணசேகரம் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "டோர்ட்மண்டில துவக்குக்குப் பொட்டு வைச்ச முதல் ஆள் நீதான். வடைமாலையும் போட்டனியோ?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"சரி சரி. விஜயதசமி விடியத் திருப்பி எடுத்துத் தொழில் செய்தனியோ? கும்பிட்டு வைச்சதைச் சும்மா விடக்கூடாது. கத்தி எண்டால் ஒரு தேசிக்காயெண்டாலும் வெட்டோணும்."

"துவக்கை என்னண்டு அண்ணை பாவிக்கிறது?"

சிரிப்பு நின்றது.

"உன்ர தொழில் என்ன?"

"விக்கிறது."

"அப்ப பில் புத்தகத்தையெல்லோ வைச்சிருக்கோணும். துவக்கு உன்ர தொழில் இல்லையடா. துவக்குக்கு ஒரு தொழில் இருக்கு. நீ அதைக் கும்பிட்டு, சாப்பாடும் குடுத்து எழுப்பிப்போட்டு இருக்கிறாய்."

"இப்ப என்ன செய்ய?"

"எனக்கென்ன தெரியும்? நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம். பிள்ளை வாறாள் எண்டனி. அதுக்கு முதல் எங்கயாவது துலைச்சுப்போடு."

அன்றிரவு துவக்கின் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். பார்சல் கிடங்கில் ஒன்பது வருடம் இரவு வேலை செய்தவன், முழித்திருப்பது அவனுக்குப் பெரிய விசயமில்லை. விடியும்வரை ஒன்றும் அசையவில்லை. வெளிச்சம் வந்தபின் கட்டிலில் சாய்ந்தான். எழும்பியபோது மத்தியானம் ஆகியிருந்தது. வாய்க்குள் உப்புக் கரித்தது. உமிழ்நீர் தடித்திருந்தது. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தான்.

உதடுகள் கறுப்பு. முன்பற்கள் கறுப்பு. பல்லிடுக்கில் கடதாசித் துணுக்கு.

அது எதனால் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் மருந்தைக் கடதாசியில் பொட்டலமாகச் சுற்றி வைத்திருப்பார்கள். பல்லால் கடித்துக் கிழித்துத்தான் குழலில் கொட்டுவார்கள். முன்பல் இல்லாதவனைப் படையில் எடுக்கமாட்டார்களாம். சண்டை முடிந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் வாய் இப்படித்தான் இருக்குமாம்.

அவன் பல் தீட்டினான். பல்முரசு வெடித்து இரத்தம் வரும்வரை தீட்டினான். கறுப்புக் கொஞ்சம் குறைந்தது. உப்புக் குறையவில்லை.

யாரும் வீட்டுக்குள் வந்ததில்லை. பூட்டு உடைந்ததில்லை. திணித்தது இந்தக் கைகள்தான்.

வியாழக்கிழமை துவக்கைப் போர்வையால் சுற்றிக்கொண்டு, கால்வாயில் எறிவதற்காகக் கீழே இறங்கினான். தெருமுனையில் பொலிஸ் கார் நின்றது. உள்ளே இரண்டு பேர் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐங்கரன் வாசற்கதவுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றான். கார் போகவில்லை. போர்வைக்குள் துவக்கு அவன் உடம்புச் சூட்டில் சூடாகியிருந்தது, கைக்குழந்தையைப் போல. திரும்பினான். நிலவறையில் தன் அடைப்புக்குள் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மேலே வந்து, சாவியைத் தெருச் சாக்கடைக் கம்பிகளுக்கிடையில் போட்டான். தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. பொலிஸ்காரர்களில் ஒருவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எழும்பினான். படுத்தது நினைவில்லை. வாயில் உப்பு. நகக்கண்களில் கறுப்பு.

பிரபாலினிக்கு அடித்தான்.

"இண்டைக்கு வேண்டாம்," என்றான். "எனக்குச் சுகமில்லை. அடுத்த கிழமை..."

"அடுத்த கிழமையோ? உங்களுக்கு வெக்கமில்லையோ? உடுப்பெல்லாம் அடுக்கிப்போட்டு மத்தியானத்தில இருந்து சப்பாத்தோட வாசலில நிக்கிறாள். இண்டைக்கு மாட்டன் எண்டால் இனி ஒருக்காலும் இல்லை, நான் கந்தோருக்கு எழுதிப்போடுவன். நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ."

போன் கை மாறியது. மூச்சு வாங்கும் சத்தம்.

"அப்பா? நான் என்ர நித்திரைக்குட்டிப் பொம்மையையும் கொண்டு வாறன். ஓகேயோ?"

அவன் வாயைத் திறந்தான். வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தான்.

"ஓம்," என்றான். "வாங்கோ."

போனை வைத்துவிட்டுத் தன் முகத்தில் தானே அறைந்துகொண்டான். பிறகு யோசித்தான். கதவைத் திறக்காமல் விட்டால்? அவர்கள் பெல் அடிப்பார்கள், திட்டுவார்கள், போய்விடுவார்கள். பிள்ளை இனி வராது. பிள்ளை உயிரோடு இருக்கும்.

வயர் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் நாடாக்கள் பெட்டிக்குள் கிடந்தன. நாலரைக்கு, படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து, சூடாக்கியின் குழாயோடு இடது கையைக் கட்டினான். வலது கையைக் குழாயில் மாட்டிய அடுத்த நாடாவுக்குள் நுழைத்து, நுனியைப் பல்லால் கடித்து இழுத்தான். இறுகியது. இன்னும் இழுத்தான். விரல்கள் நீலமாயின. கத்தியையும் கத்தரிக்கோலையும் முன்னமே எடுத்துச் சமையலறையில் வைத்திருந்தான்.

இருட்டிக்கொண்டு வந்தது. லைற் போட ஏலாது. குழாய்க்குள் தண்ணீர் நகர்ந்தது. மேல்வீட்டு மெசின் சுற்றியது. நின்றது.

ஐந்து மணி.

பெல்.

அவன் மூச்சை அடக்கினான்.

பெல். பெல். கீழ்வாசலை யாரோ திறந்துவிட்டிருக்க வேண்டும். படிகளில் காலடி. பெரிய கால் இரண்டு வைக்க, சின்னக் கால் மூன்று வைத்தது. வீட்டுக் கதவில் தட்டல்.

"அப்பா! நான்தான்!"

கண்ணை மூடினான்.

"அப்பா, நான் வந்திட்டன்!"

"உள்ளுக்க நிண்டுகொண்டு திறக்கேல்லைப் பாருங்கோ," என்றாள் பிரபாலினி, யாரிடமோ சொல்வதைப் போல. கதவில் காலால் ஓர் உதை. "எட்டு மாசம் அழுதது இதுக்குத்தானோ? வா பிள்ளை. முடிஞ்சுது."

பிள்ளை அழுதது. முதலில் கதவருகே. பிறகு ஒரு படி கீழே. பிறகு இன்னும் கீழே. கடைசியாகக் கீழ்வாசல் மூடும் சத்தம்.

ஐங்கரன் அழுதான். தலையைக் குழாயில் சாய்த்து, வாய் திறந்து, மூக்கு ஒழுக அழுதான். இனி அவள் வரமாட்டாள். இருப்பாள். பத்து வயதாவாள், இருபதாவாள், தகப்பனை வெறுப்பாள். இருப்பாள். அது போதும்.

அழுகைக்கு நடுவில் ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில். மிகப் பக்கத்தில். கடதாசி கிழிகிற சத்தம்.

காதால் கேட்கவில்லை. மண்டையோட்டுக்குள் கேட்டது. தன் பல்லில்.

உப்பு.

கண் திறந்தான். குழாய் கீழே இருந்தது. தூரத்தில், தரையோடு. நாடாக்கள் இரண்டும் கட்டியபடியே இறுகிக் கிடந்தன. உள்ளே கைகள் இல்லை.

அவன் நின்றுகொண்டிருந்தான்.

யன்னல் திறந்திருந்தது. குளிர் முகத்தில் அடித்தது. மணிக்கட்டுகளில் தோல் இல்லை, வலியும் இல்லை. கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. கொட்டின. திணித்தன. இரும்புக்கம்பி குழலுக்குள் இறங்கி ஏறியது. பழகிய கைகள். அவசரமில்லாத கைகள். பெருவிரல் துவக்கின் குதிரையைப் பின்னுக்கு இழுத்தது. ஒரு கிளிக். நெருப்புப் பொறி தரும் செப்புக் கேப்பு அதன் இடத்தில் உட்கார்ந்தது. இன்னொரு கிளிக். நிலவறையில் பூட்டிய அதே துவக்கின் கட்டை தோளில் பொருந்தியது. கன்னம் மரத்தில் சாய்ந்தது. மரம் சூடாக இருந்தது.

கீழே தெரு. ஈரம். பஸ் தரிப்பிடத்தின் மஞ்சள் வெளிச்சம். அதை நோக்கி இரண்டு பேர் போனார்கள். பெரியவள் முன்னால், சின்னச் சூட்கேசை இழுத்தபடி. சின்னவள் பின்னால், கால் இழுபட.

ஓடு.

கத்தினான். வாய் நிறையக் கடதாசி. காற்று மட்டும் வந்தது.

ஓடு, பிள்ளை.

கவிசா நின்றாள். ஏன் நின்றாளோ தெரியாது. திரும்பினாள். வீட்டை அண்ணாந்து பார்த்தாள். இரண்டாம் மாடியில், திறந்த யன்னலில், இருட்டில், அப்பா நின்றார்.

முகம் முழுக்க மலர்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். நித்திரைக்குட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, விளக்கின் கீழ் சரியாக வந்து நின்று, கையசைத்தாள்.

அசைத்துக்கொண்டே நின்றாள்.