தட்டலுக்குப் பதில்

"கைகளை உள்ளே வையுங்கள்" என்றது இயந்திரம்.

தம்பி வைத்துத்தான் இருந்தான். இரண்டு பக்கத் துளைகளிலும் மணிக்கட்டு வரை நுழைத்து, நெஞ்சைத் தகட்டோடு ஒட்டி, முதல் நாள் சொல்லிக்கொடுத்தபடியே நின்றிருந்தான். அது மறுபடியும் அதே இனிப்பான பெண்குரலில், கைகளை உள்ளே வையுங்கள் என்றது.

அணு உலைக் கட்டடத்தை விட்டு வெளியேறும் யாரும் அந்தக் கூண்டுக்குள் நின்றே ஆகவேண்டும். உடம்பில் கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருந்தால் அலறும், இல்லாவிட்டால் 'சுத்தம்' என்று கதவைத் திறக்கும். ஆள் உள்ளே நிற்கும்போதே, ஆளே வராததுபோல அது காத்துக்கொண்டு நின்று, பின்னால் வரிசையில் நின்ற அவன் அக்கா பார்த்ததில்லை.

"இதுக்கும் வயசாயிடுச்சு, என்னை மாதிரி. ஆள் நிக்கிறது தெரியல" என்று சிரித்த சோதனைக்காரர், கைக்கருவியை எடுத்துத் தம்பியின் தலையிலிருந்து கால் வரை ஓட்டினார். சுவரில் வைத்தாலும் சும்மா காற்றில் காட்டினாலும் ஒன்றிரண்டு தடவையாவது 'டிக்' என்று முனகும் கருவி அது. அவன் மேல் வாயே திறக்கவில்லை. "போப்பா. உன்னை மாதிரி சுத்தமான ஆளை நான் பார்த்ததே இல்ல."

அவள் தம்பியின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் அவன் மூக்குக்கண்ணாடி இருந்தது. போன வாரம் குளத்தில் விழுந்த கண்ணாடி.

குளம் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் பெயர். எரிந்து முடிந்த அணு எரிபொருளை, நாலு மாடி ஆழத் தண்ணீருக்கு அடியில், வருடக்கணக்கில் ஆறவைக்கும் தொட்டி. அடியில் எப்போதும் நீல வெளிச்சம் இருக்கும். ஆறியவற்றைக் கட்டுக்கட்டாகத் தூக்கி, தண்ணீருக்குள்ளேயே ஒரு எஃகு உருளையில் அடுக்கி, மூடி, வெளியே எடுத்துக் காயவைத்து, முற்றத்தில் கான்கிரீட் கூடுகளுக்குள் நிறுத்துவதுதான் இப்போதைய வேலை. குளத்தின் மேல் நகரும் பாலத்தில் ஏறுகிறவன் பேனாவிலிருந்து கண்ணாடி வரை எல்லாவற்றையும் கயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடி இல்லாவிட்டால் ஆனைக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாத தம்பி, கழுத்தில் அரிக்கிறது என்று கயிற்றை அவிழ்த்துவிட்டுக் குனிந்தான். அவ்வளவுதான். திறந்திருந்த உருளைக்குள்ளேயே போய் விழுந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். வேலையை நிறுத்தி, கேமரா இறக்கித் தேடியிருப்பார்கள். "சொல்லாதக்கா, உள்ள வர்ற பாஸைப் புடுங்கிடுவாங்க" என்று கெஞ்சினான். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான், வாயை மூடிக்கொண்டாள். இன்று மூடி போடுவதற்கு முன்பு, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தனியாக ஏறக்கூடாத பாலத்தில் அவன் நீளக் கொக்கியோடு ஏறினான். அவள் படிக்கதவில் காவல் நின்றாள், குளத்துக்கு முதுகைக் காட்டி. ஒருமுறை தண்ணீர் அசைந்த சத்தம் கேட்டது. வாளி முங்குகிற மாதிரி. திரும்பிப் பார்த்தபோது தம்பி பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டேன்" என்றான்.

வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுகிறவன். இன்று போடவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் வேலை தன்பாட்டில் நடந்தது. உருளைக்கு மூடி இறங்கியது, தூக்கி வெளியே வைத்தார்கள், விளிம்பைச் சுற்றி வெல்டிங் வைத்தார்கள், உள்ளிருந்த தண்ணீரை வடித்தார்கள். வீட்டில் தம்பி தட்டின் முன் உட்கார்ந்து எழுந்துபோனான். தண்ணீர் மட்டும் குடித்தான். அவனுடைய மூன்று வயது மகள் அவனைப் பார்த்ததும் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டாள். 'அப்பாகிட்ட போ' என்றால் வாசல் பக்கம் கையைக் காட்டி, "அப்பா இன்னும் வரல" என்றாள்.

உருளையைக் காயவைப்பது அவள் பொறுப்பு. ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தில் வெளியே உச்சிவெயில் என்பதை நம்பித்தான் ஆகவேண்டும். சூடான இரும்பும் வெல்டிங் புகையும் கலந்த வாடை தொண்டையில் நின்றது. உருளைக்குள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் உறிஞ்சி முடித்ததும், வால்வை மூடி, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொட்டுத் தண்ணீர் மிச்சமிருந்தாலும் முள் மெல்ல ஏறும். இல்லாவிட்டால் அப்படியே நிற்கும்.

முள் ஏறியது. பிறகு இறங்கியது. அவள் கருவியைத் தட்டிப் பார்த்தாள். ஏறியது. இறங்கியது. அவசரமே இல்லாமல், தூங்குகிற ஒருவரின் வயிறு ஏறி இறங்குகிற மாதிரி.

"கேஜ் போயிடுச்சு. மாத்து" என்றார் மேற்பார்வையாளர். மாற்றினாள். புது முள்ளும் அதையேதான் செய்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. "பார்த்தியா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அவர் தோளைக் குலுக்கினார். ஹீலியம் வாயுவை நிரப்பச் சொன்னார்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை. அவள் மடியில் கனம் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். உருளையின் மூடிக்கு அடியிலிருந்து. தட். கொஞ்சம் இடைவெளி. தட் தட்.

சூட்டில் இரும்பு முனகும், தெரியும். ஆனால் இரும்புக்கு இது தெரியாது. சின்ன வயதில், விளக்கணைத்த பிறகு பேசினால் அப்பாவிடம் அடி விழும். அவள் சுவரில் இரண்டு தட்டி ஒன்று தட்டுவாள். தூங்கிட்டியா? அடுத்த அறையிலிருந்து தம்பி ஒன்று தட்டி இரண்டு தட்டுவான். இல்லக்கா. அவர்கள் இருவரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

தட். தட் தட்.

உள்ளே எரிபொருள் கட்டுகளுக்கு நடுவே ஒரு பூனைகூட நுழைய முடியாது. ஒரு நிமிடம்கூட உயிர் தாங்காது.

வெல்டர், வாயு நிரப்பிய கடைசித் துளையின் மேல் மூடித்தகட்டை வைத்தார். இதையும் ஒட்டிவிட்டால் முடிந்தது. இனி யாரும் திறக்கமாட்டார்கள்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க."

"என்னம்மா?"

வாய் வரை வந்தது. சொன்னால் கண்ணாடியைச் சொல்ல வேண்டும். பாலத்தைச் சொல்ல வேண்டும். தம்பியின் வேலை, பாஸ், எல்லாம் போகும். அந்தத் தம்பியோ அதோ, மேஜையோரம் உயிரோடு நிற்கிறான். அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். கண்முன்னே நிற்கிறவனை நம்பாமல் இரும்பையா நம்புவது?

"ஒண்ணுமில்லண்ணே. போடுங்க."

தீப்பொறி சிதறியது. தட் தட் என்ற சத்தம் வேகமானது. இடைவெளி இல்லாமல். கெஞ்சுகிற மாதிரி. வெல்டிங் இரைச்சல் அதை விழுங்கியது.

எல்லாம் முடிந்து வெல்டரும் மேற்பார்வையாளரும் கிரேன் ஆளைக் கூப்பிடப் போனார்கள். கூடத்தில் அவளும் தம்பியும் மட்டும். அவன் கண்ணாடிக் கயிற்றின் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. இத்தனை நாளாகியும் காயவில்லை.

அவள் அவன் முகத்தைப் பார்த்தபடி, இரும்பு மேஜையில் விரலால் தட்டினாள். இரண்டு. பிறகு ஒன்று.

அவன் விரல்களைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே இருந்தான். பதில் இல்லை.

உருளைக்குள்ளிருந்து வந்தது.

தட். தட் தட்.

மிக மெதுவாக. களைத்துப்போய்.

அவன் தலையைச் சாய்த்து, கடைசித் தட்டல் அடங்கும்வரை கவனமாகக் கேட்டான். பிறகு, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறிச் சுருங்கிய விரலை மேஜைமேல் வைத்து, ஒன்று தட்டினான். இரண்டு தட்டினான்.

"இப்படியா, அக்கா?"