ஜப்தி வீட்டுக்கு இரண்டு சாட்சிகள்

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா மாதேஸ்வரனின் அரூர் வீட்டுக்கு மாரப்பன் கொதித்துக்கொண்டுதான் வந்தார். கூடவே தங்கை பெரியம்மாள். கணவனை இழந்தவள்; தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று இருந்த நகையை எல்லாம் விற்று அண்ணன் கையில் கொடுத்திருந்தாள்.

“நாலு வருஷமா பூட்டிக் கெடந்த வூடுங்க, பூட்டக்கூட இன்னும் தெறக்கல. வூட்டுக்காரன் மாயவன் போன மாசம் மலிவா குடுத்தான். பணத்த வாங்கிக்கிட்டுக் கோலாருக்கு ஓடிட்டான். இப்பப் பாத்தா, ஆறு மாசம் முந்தியே அவன் கடனுக்காகக் கோர்ட்டுல ஜப்தி பண்ணிட்டாங்களாம். திங்கக்கெழம ஏலமாம்! கதவுல ஒரு துண்டுக் காயிதம் இல்லீங்க, தமுக்குச் சத்தம் கேக்கல. கோர்ட்டு நோட்டீஸ் ஒட்டற அமீனா எங்க ஊருப் பக்கம் வந்தா என்னையப் பாக்காம போவ மாட்டாருங்க.”

“மாயவனே நோட்டீஸைக் கிழிச்சிருப்பான்!” என்று துள்ளினார் உதவியாளர் சின்னராஜ்.

மாதேஸ்வரன் துள்ளுகிற ஆள் இல்லை. சின்னராஜைக் கோர்ட்டுக்கு அனுப்பி, ஜப்திக் காகிதத்தைப் பார்த்து எழுதி வரச் சொன்னார். மறுநாள் அண்ணன் தங்கையோடு வண்டியேறிப் போய் அந்தக் கதவின் முன் நின்றார். நெடுநேரம் நின்றார்.

“ஒட்டினதக் கிழிச்சிருந்தா பசை இருந்த எடத்தப் பூச்சி அரிச்சிருக்கும், தூசியில கட்டமாத் தடம் தெரியும். இங்க மேலிருந்து கீழ வரைக்கும் நாலு வருஷத் தூசி ஒரே சீரா இருக்குது. யாரும் கிழிக்கலீங்க. ஏன்னா, யாருமே ஒட்டல. ஒட்டினதாக் காயிதத்துல சாட்சி வெச்சு எழுதியிருப்பாங்க.”

“அப்ப அமீனா பொய் எழுதியிருக்கானா? அதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அயோக்கியன் எவன்? அவனச் சந்தி சிரிக்க வெக்கறேன் பாருங்க!” என்று கத்தினார் மாரப்பன்.

அந்த நேரத்தில் சின்னராஜ் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். நேற்றைய துள்ளல் இல்லை. எழுதி வந்த காகிதத்தை யார் முகத்தையும் பார்க்காமல் நீட்டினார்.

“ரெண்டு சாட்சி,” என்றார் மாதேஸ்வரன் மெதுவாக. “ஒருத்தன் அமீனாவோட சுத்தற ஆளு. இன்னொருத்தர் நீங்க.”

மாரப்பனுக்கு ஆறு மாதத்துக்கு முந்தைய பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தை நினைவுக்கு வந்தது. ‘வெயில்ல அவ்வளவு தூரம் எதுக்குங்க, நீங்க இங்கயே ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்’ என்று அமீனா வெற்றிலையை மடித்து நீட்டியிருந்தார். இத்தனை பேர் இருக்கத் தன்னைத் தேடி வருகிறாரே என்ற பூரிப்பில், யார் வீடு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. தங்கை இருந்த பக்கம் திரும்பவே முடியவில்லை.

“நோட்டீஸ் ஒட்டலைன்னு கோர்ட்டுல நீங்களே ஏறிச் சொன்னா ஏலம் தள்ளிப்போவும். அதுக்குள்ள மாயவனுக்குக் கடன் குடுத்தவங்ககிட்டப் பேசிப் பாக்கலாம். ஆனா நாலு பேர் முன்னால மானம் போவுமுங்க.”

“சொல்றேனுங்க,” என்றார் மாரப்பன்.

அதுவரை வாய் திறக்காத பெரியம்மாள் கேட்டாள்: “ஏண்ணா, இது மாதிரி இன்னும் எத்தன பேரு வூட்டுக்குப் போட்டிருக்கற?”

மாரப்பன் யோசித்துப் பார்த்தார். எத்தனை என்று அவருக்கே தெரியவில்லை.