ஆவுடையப்பனை முழுதாகப் படித்தவர்

செவ்வூரில் தினமும் மாலை ஆறு மணிக்குப் புத்தகங்களை அழிப்பார்கள். செவ்வாய்க் கிரகத்தில் மின்நூல்களைச் சேமிக்கும் நினைவுக் கிடங்கு நடத்த மின்சாரம் சொற்பம். அதனால், வெளியாகி ஓராண்டுக்குள் ஒருவராவது கடைசி வரி வரை படிக்காத நூலுக்கு அங்கே இடமில்லை. யார் எதுவரை படித்தார்கள் என்பதை, பிறந்தவுடன் இமைக்குள் பொருத்தப்படும் விழிமானி சொல்லிவிடும். எழுதியவர் கண்ணும் அவர் வீட்டார் கண்ணும் கணக்கில் சேராது. சொல்லைத் தட்டித் தேடும் வசதியைக்கூட எடுத்துவிட்டார்கள், அப்போதாவது ஜனங்கள் படிப்பார்கள் என்ற நப்பாசையில். குப்பை வண்டி வந்து போவதைப் போல இந்த அழிப்பும் ஊருக்குப் பழகிவிட்டது.

ஆவுடையப்பனுக்கு மட்டும் பழகவில்லை. செவ்வூருக்குக் காற்றுக் குழாய் போட்ட கம்பெனியைத் தொடங்கி நடத்தியவர் அவர். ஓய்வு பெற்றதும் அதன் வரலாற்றை எழுதினார். வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் பரிந்துரைக்கப்பட்ட நூல் அது. வாங்காத வீடில்லை. பார்க்கிறவரெல்லாம் “பிரமாதம் அண்ணாச்சி” என்றார்கள். முன்னுரையை ஒருவரும் தாண்டவில்லை என்றது விழிமானி. கெடு முடிய இரண்டே மாதம் இருக்கையில்தான் செண்பகவல்லி என்று யாரோ ஒரு புண்ணியவதி அதை முழுதாகப் படித்து முடித்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே விருந்துக்கு அழைத்துவிட்டார்.

மதியம் அந்த அம்மாள் வந்தார். ஏறக்குறைய ஆவுடையப்பனின் வயதுதான். அவர் பரிமாறும் எந்திரத்தை விரட்டிவிட்டு ஆவுடையப்பன் தன் கையாலேயே பரிமாறினார்.

“எந்த அத்தியாயம்மா உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது?”

செண்பகவல்லி சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். “கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. உங்க புஸ்தகத்துல செவ்வூர்த் தொழில்காரங்க பேரெல்லாம் வருதுன்னு முன்னுரையைப் படிச்சவங்க சொன்னாங்க. என் பேரு எந்தப் பக்கம்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. படிச்சிருந்தாத்தானே தெரியும். வரி வரியாத் தேடிக்கிட்டே வந்தேன். கடைசிப் பக்கத்துல இருந்துச்சு.”

கடைசிப் பக்கத்தில், தொழில் தொடங்குவோர் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் இருந்தது. அதில் ‘பாசி மாவு மூழ்கிய கதை’யும் ஒன்று. பாசியிலிருந்து மாவு அரைக்கும் ஆலை நடத்தி நொடித்துப்போன செண்பகவல்லி, ஏன் நொடித்தோம் என்று எழுதிய நூல்.

ஆவுடையப்பன் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

“நீங்க அதைத் திறக்கவே இல்லைன்னு விழிமானி சொல்லிடுச்சு” என்றார் செண்பகவல்லி.

“வேற ஒரு பெரிய மனுஷர் பட்டியல்ல பார்த்தேம்மா. அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்.”

“அவரும் திறக்கல.” அந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னைக்கு ஆறு மணிக்கு அழிச்சிருவாங்க அண்ணாச்சி. கம்பெனி போனது போகட்டும். என்னை நம்பி வேலைக்கு வந்த புள்ளைங்க கதை அதுலதான் இருக்கு. வேற எங்கேயும் இல்ல.”

ஆவுடையப்பன் கை கழுவிவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தார்.

செண்பகவல்லி காபி போட்டு வைத்தார். அது ஆறிப் போனது. ஆலையை மூடும் நாளில், மிஞ்சிய மாவை அடையாகச் சுட்டு வேலையாட்களுக்குப் பரிமாறும் பக்கம் வந்ததும் ஆவுடையப்பன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்துவிட்ட செண்பகவல்லி, தான் அழுவதை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாளும் ஒரு மனிதராவது அந்தப் பக்கத்துக்கு வரமாட்டாரா என்று ஏங்கியவர் அவர்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் கடைசி வரியும் முடிந்தது. புத்தகம் நிலைத்துவிட்டதாகச் சுவர்த்திரையில் சேதி வந்தது. செண்பகவல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். நிம்மதியில் வந்த அழுகை அது.

“எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?”

“அழுதுட்டேம்மா. அந்தப் புள்ளைங்க முகமெல்லாம் கண்ணுக்குள்ளயே நிக்குது.” அவர் மறுபடியும் பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினார். “ஒண்ணே ஒண்ணுதான் மனசுக்குச் சங்கடமா இருக்கு. உங்க ஆலைக்குக் காத்துக் குழாய் போட்டது நம்ம கம்பெனிதானே? ஒரு வரி விடாமத் தேடிக்கிட்டே வந்தேன். எங்கேயும் என் பேரு இல்லையேம்மா.”