குடுவையில் வளர்ந்த காய்ச்சல்

டெலிபோன் அலறியது.

கென்யாவின் கிசுமு நகர மலேரியா ஆய்வுக்கூடத்தில் டாக்டர் அபொண்டி பாய்ந்து எடுத்தாள்.

"டாக்டரம்மா, இன்ஸ்பெக்டர் வஃபுலா பேசறேன். உங்கண்ணன் உடம்பை ஊருக்கு எடுத்துட்டுப் போகணும்னு உங்க வீட்டுக்காரர் ஒரே அவசரம். கையெழுத்துப் போட்டுடவா?"

"போடாதீங்க! இது கொலை!"

"மலேரியான்னு சொன்னாங்களே...?"

"மலேரியாதான். ஆனா கொசு கொண்டுவரல... உடனே வாங்க!"

இருபது வருஷம் நார்வேயில் இருந்துவிட்டு ஏரிக்கரை நிலத்தில் குடியேற வந்த அண்ணன் ரமோகி. காய்ச்சல் கண்ட நாலாம் நாள் போய்விட்டான். ஊர்க் காய்ச்சலைத் தாங்கும் தெம்பு அவன் உடம்பில் எப்போதோ வற்றிவிட்டது என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

அபொண்டியும்தான்!

ஆனால் தொழில் பழக்கம் விடுமா? காய்ச்சல் வந்த அன்றே அவன் விரல்நுனி ரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றி வைத்திருந்தாள். இன்று காலை அதைச் சோதித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

வஃபுலா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மலேரியாக் கிருமி ஒற்றைச் செல் உசிருதான். ஆனா அதுக்குள்ள ஆயிரம் ரகம்" என்றாள் அபொண்டி. "இங்க கொசு கடிச்சவங்க ரத்தத்துல அஞ்சாறு ரகம் கலந்துகட்டி இருக்கும். சந்தைக் கூட்டம் மாதிரி! அண்ணன் ரத்தத்துல ஒரே ரகம். அதுவும் நாங்க ஃப்ரீஸர்லேர்ந்து எடுத்துக் குடுவையில வளர்க்கிற ரகம்!"

"அதைத் தொடறது யாரு?"

"நானும்... என் வீட்டுக்காரரும். ஆளுக்கொரு குடுவை."

வாசலில் கைதட்டல்.

அவள் கணவன் டாக்டர் ஒச்சோலா!

"சபாஷ் அபொண்டி! இன்ஸ்பெக்டர், அந்த ரெஜிஸ்டரைப் புரட்டுங்க. போன மாசம் கிருமிக் குப்பியை வெளியே எடுத்துட்டுப் போனது யாரு?"

வஃபுலா புரட்டினார். முகம் மாறியது.

"டாக்டரம்மா... உங்க கையெழுத்து!"

அபொண்டி அந்தக் கையெழுத்தையே உற்றுப் பார்த்தாள். நாலு காகிதத்தோடு ரெஜிஸ்டரையும் சேர்த்து நீட்டி, 'கண்ணு, ஒரு கையெழுத்து' என்று கொஞ்சினானே... படிக்காமலே போட்டாளே!

"நிலமும் இவளுக்குத்தான் வருது" என்றான் ஒச்சோலா. "மச்சானுக்கு நான் போட்ட சத்து ஊசி... அதை நிரப்பிக் கொடுத்ததும் இவதான்!"

பதினோரு வருஷக் கல்யாணம்!

"அந்த நிலத்துல ஓட்டல் கட்டணும்னு அண்ணன்கிட்ட மல்லுக்கட்டினது நீங்கதானே?"

"அதுக்காக? உன் குடுவையிலயும் என் குடுவையிலயும் வளர்றது ஒரே ரகம். எதுலேர்ந்து வந்துதுன்னு எப்படிச் சொல்லுவே?"

அபொண்டி கண்ணைத் துடைத்தாள். 'நீங்க' அத்தோடு முடிந்தது.

"ஒரே ரகமா இருந்துதுடா... மூணு வருஷத்துக்கு முன்னாடி!"

"என்ன உளர்றே?"

"குடுவையிலேயே ரொம்ப நாள் வளர்ந்தா கிருமி மரபணுவைக் கொஞ்சம் கொஞ்சமா உதிர்த்துடும். அதனாலதான் மூணு மாசத்துக்கு ஒருதரம் பழசைக் கொட்டிட்டு ஃப்ரீஸர்லேர்ந்து புதுசா ஆரம்பிக்கணும். நான் செஞ்சேன். உன்கிட்டயும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சோம்பேறி, நீ செய்யல!"

ஒச்சோலா ஓரடி பின்வாங்கினான்.

"காலையிலேயே ரெண்டு குடுவையையும் சோதிச்சுட்டேன். என்னுதுல மரபணு முழுசா இருக்கு. உன்னுதுல ஒரு பெரிய துண்டே காணோம். அண்ணன் ரத்தத்துலயும்... அதே துண்டு காணோம்!"

ஒச்சோலா வாசலுக்குத் தாவினான். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள்!

வஃபுலா நிதானமாக விலங்கை மாட்டினார்.

"பொண்டாட்டி பேச்சைக் கேக்காததுக்குக் கென்யாவுல தண்டனையே கிடையாது டாக்டர்... நீங்கதான் முதல் ஆளு!"